கோடிகள் எங்கே சேர்கின்றன? தேயிலை மலையிலிருந்து ஓர் எளிய விளக்கம்

"ஒரே நாளில் பத்தாயிரம் கோடி சம்பாதித்தார்" என்று ஒரு தொழிலதிபரைப் பற்றிச் செய்தி வந்தால், குன்னூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இரண்டு விதமான பேச்சு கிளம்பும். ராப்பகலா உழைச்சிருக்கான், நாமதான் உழைக்கலை என்பது ஒன்று. யாரையாவது ஏமாத்தாம இவ்வளவு வருமா என்பது இன்னொன்று. இரண்டு பேச்சிலும், அந்தப் பணம் எந்த வழியாக வந்தது என்ற விளக்கம் மட்டும் இருக்காது.

உழைப்புதான் காரணம் என்றால் கோத்தகிரியிலும் மஞ்சூரிலும் பனியில் நனைந்தபடி கொழுந்து பறிக்கும் பெண்கள்தான் இந்த நாட்டின் பெரும் பணக்காரர்களாக இருக்க வேண்டும். அவர்கள் அப்படி இல்லாததற்கு அவர்களுடைய சோம்பலோ அறிவுக் குறைவோ காரணமில்லை. இதைத் தெளிவாகச் சொல்லாமல் விடுவதால்தான், "கோடீஸ்வரர் ஆகும் ரகசியம்" என்று கட்டணம் வாங்கிக்கொண்டு வகுப்பு எடுப்பவர்களிடம் நம் பிள்ளைகள் போய் மாட்டிக்கொள்கிறார்கள். இதில் ரகசியம் எதுவும் இல்லை. கூட்டலும் பெருக்கலும் தெரிந்த எவரும் புரிந்துகொள்ளலாம்.

"சுயமாக முன்னேறியவர்" என்ற சொல்லை முதலில் வரையறுத்துவிடுவோம். பெரும் சொத்தையோ ஓடிக்கொண்டிருக்கும் தொழிலையோ வாரிசாகப் பெறாமல், தானே ஒரு தொழிலைத் தொடங்கிச் செல்வம் சேர்த்தவர் என்பதே இங்கு அதன் பொருள். வெறுங்கையோடு தொடங்கியவர் என்று அர்த்தமில்லை. ஜெஃப் பெசோஸ் 1994-ல் அமேசானைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அவருடைய பெற்றோர் அதில் ஏறத்தாழ 2,45,000 டாலர் போட்டார்கள். அவரும் சுயமாக முன்னேறியவர்கள் கணக்கில்தான் வருகிறார்.

ஓடையும் அணையும்

வருமானம் என்பது ஓடையில் ஓடும் தண்ணீர். மாதத்துக்கு இவ்வளவு, ஆண்டுக்கு இவ்வளவு என்று அளக்கலாம். செல்வம் என்பது பைக்காரா அணையில் நிற்கும் தண்ணீர். இன்றைக்கு எவ்வளவு நிற்கிறது என்றுதான் அதை அளக்க முடியும். ஒருவரிடம் உள்ள சொத்துகளின் இன்றைய விலையிலிருந்து கடனைக் கழித்தால் வருவது நிகர மதிப்பு. பணக்காரர் பட்டியல்கள் எல்லாம் இதைத்தான் வரிசைப்படுத்துகின்றன, சம்பளத்தை அல்ல.

ஓடையை மட்டும் நம்பி இந்த அணையை நிரப்ப முடியாது. மாதம் ஒரு லட்சம் சம்பளம் வாங்கும் ஒருவர், ஒரு டீ கூடக் குடிக்காமல் முழுவதையும் சேமிக்கிறார் என்று வையுங்கள். ஆண்டுக்கு 12 லட்சம். நூறு கோடி சேர 833 ஆண்டுகள் ஆகும். பட்டியல்களில் வரும் நூறு கோடி டாலர் என்ற அளவை, ஒரு டாலர் 85 ரூபாய் என்று வைத்துக் கணக்கிட்டால் 8,500 கோடி ரூபாய். அதைச் சேர்க்க 70,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். சம்பளம் பத்து மடங்காக உயர்ந்தாலும் 7,000 ஆண்டுகள்.

பெசோஸ் பல ஆண்டுகள் அமேசானில் வாங்கிய சம்பளம் ஆண்டுக்கு 81,840 டாலர். அவரை உலகப் பணக்காரர் ஆக்கியது அந்தத் தொகை இல்லை. பெருஞ்செல்வம் சம்பளத்தை மிச்சம் பிடித்துச் சேர்வதில்லை என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

கொழுந்து கைமாறும் வழி

ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறத்தாழ நாலரை கிலோ பசுந்தேயிலை வேண்டும். அந்த ஒரு கிலோ தூள் யார் யார் கையைக் கடந்து வருகிறது என்று பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

பறிக்கும் தொழிலாளிக்கு நாள் கூலி, அல்லது கிலோ கணக்கு. அவருக்கு இரண்டே கைகள், ஒரு நாளுக்கு இவ்வளவு நேர வெளிச்சம். காய்ச்சல் வந்து படுத்தால் அன்றைக்கு வருமானம் இல்லை.

அடுத்து சிறு விவசாயி. ஒரு கணக்குக்காக, அவருக்கு இரண்டு ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டுக்கு 4,500 கிலோ இலை, கிலோவுக்கு 20 ரூபாய் விலை, அதில் பறிப்புக் கூலி, உரம், மருந்து, வண்டி வாடகை எல்லாம் சேர்த்து 14 ரூபாய் செலவு என்று வைப்போம். கிலோவுக்கு 6 ரூபாய் நின்றால் ஆண்டு முழுவதற்கும் 54,000 ரூபாய். கவாத்து செய்யும், அதாவது செடியை வெட்டிவிடும் ஆண்டில் சில மாதங்கள் இலையே இருக்காது. விலையும் அவர் கையில் இல்லை. ஏலத்தில் தூள் என்ன விலைக்குப் போகிறதோ அதை ஒட்டித்தான் இலைக்கு விலை வரும். பகலோடு இரவும் சேர்த்து உழைத்தாலும் செடி கூடுதலாகத் துளிர்க்காது.

தொழிற்சாலை உரிமையாளர் நூற்றுக்கணக்கான விவசாயிகளிடம் இலை வாங்குகிறார். அவருடைய வருமானம் அவர் சொந்த நிலத்தின் அளவோடு நிற்பதில்லை. பாக்கெட் போட்டு ஒரு பெயரில் விற்கும் நிறுவனம் இன்னொரு படி மேலே இருக்கிறது. அது பல தொழிற்சாலைகளின் தூளைக் கலந்து, இந்தியா முழுக்க மளிகைக் கடைகளுக்கு அனுப்புகிறது. அந்த நிறுவனத்தின் பங்கை வைத்திருப்பவருக்கோ மலை ஏற வேண்டிய அவசியமே இல்லை.

பங்கு என்றால் ஒரு நிறுவனத்தின் உரிமையைச் சம துண்டுகளாக வெட்டியதில் ஒரு துண்டு. லாபத்திலும் சொத்திலும் அந்தத் துண்டுக்கு உரிய பாகம், அதை வைத்திருப்பவருக்கு.

மேலே போகப் போக வருமானத்துக்கும் ஒருவருடைய சொந்தக் கைகளுக்கும் உள்ள கட்டு தளர்கிறது. பெருஞ்செல்வம் சேர்ந்த இடங்களில் எல்லாம் இந்தக் கட்டு ஏறக்குறைய அறுந்திருக்கும். சுயமாக முன்னேறியவர்கள் கடுமையாக உழைத்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்த உழைப்பு, தாங்கள் இல்லாமலும் ஓடக்கூடிய ஒன்றைக் கட்டுவதில் போனது. அந்த ஒன்றின் உரிமையும் அவர்களிடமே இருந்தது.

வர்க்கி அடுப்பும் பெருக்கியும்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

2023-ல் புவிசார் குறியீடு பெற்ற ஊட்டி வர்க்கி என்ற மொறுமொறுப்பான தின்பண்டத்தைச் செய்யும் ஒரு பேக்கரி. மாவைப் புளிக்க வைப்பது, மடித்து மடித்து அடுக்குவது, விறகு அடுப்பின் சூட்டைக் கையை நீட்டிப் பார்த்தே கணிப்பது எல்லாம் உரிமையாளரே. ஆண்டுக்கு 10 லட்சம் லாபம். அவர் கடையை விற்க நினைத்தால் எவ்வளவு கிடைக்கும்? வாங்க வருபவர் யோசிப்பார்: இவர் போய்விட்டால் அந்தப் பதம் வருமா, வாடிக்கையாளர் நிற்பார்களா? அதனால் மூன்று ஆண்டு லாபத்துக்கு மேல் கொடுக்கத் தயங்குவார். 30 லட்சம்.

இப்போது பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஓர் உணவு நிறுவனம். ஆண்டு லாபம் 10 கோடி. செய்முறை எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. மாஸ்டர்கள் சம்பளத்துக்கு வேலை செய்கிறார்கள், ஒருவர் போனால் இன்னொருவர் வருவார். லாபம் ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது. இதற்குச் சந்தை 30 ஆண்டு லாபத்தை விலையாகக் கொடுக்கிறது என்று வைத்தால் 300 கோடி.

லாபம் 100 மடங்குதான் கூடியது. செல்வமோ 1,000 மடங்கு கூடிவிட்டது.

ஆண்டு லாபத்தைப் போல எத்தனை மடங்கு விலை கிடைக்கிறது என்ற எண்ணை இங்கே பெருக்கி என்று சொல்வோம். பங்குச் சந்தையில் இதை பி.இ. விகிதம் என்பார்கள். பேக்கரிக்குப் பெருக்கி 3, நிறுவனத்துக்கு 30.

ஏன் முன்கூட்டியே இவ்வளவு கொடுக்கிறார்கள்? தேயிலைத் தோட்டம் வாங்குபவர் இந்த ஆண்டு இலைக்கு மட்டும் விலை கொடுப்பதில்லை. நூறு வயதுச் செடிகளும் இன்னும் கொழுந்து கொடுத்துக்கொண்டிருக்கும் மலை இது. இனி வரப்போகும் பல ஆண்டு இலைக்கும் சேர்த்துத்தான் விலை பேசுகிறார். பங்கு வாங்குபவரும் அப்படியே. வருங்கால லாபங்களை எல்லாம் இன்றைய விலையாகச் சுருக்கிக் கொடுக்கிறார். அதனால் அந்த நிறுவனத்தின் ஆண்டு லாபம் ஒரு ரூபாய் கூடினால் அதன் மதிப்பு 30 ரூபாய் கூடுகிறது. நிறுவனரிடம் 60 சதவீதப் பங்கு இருந்தால் அதில் 18 ரூபாய் அவர் கணக்கில் ஏறுகிறது. அவர் வங்கிக் கணக்கில் அன்று ஒரு பைசா கூட வந்திருக்காது.

ஆக, பெருஞ்செல்வத்துக்கான கணக்கு மூன்று எண்களின் பெருக்கல்: ஆண்டு லாபம், பெருக்கி, கையில் உள்ள பங்கின் சதவீதம்.

இரண்டாவது பிரதிக்கு என்ன செலவு?

லாபம் வேகமாக வளர்ந்தால்தான் பெருக்கி பெரிதாகும். எது வேகமாக வளரும்? கூடுதலாக ஒன்று செய்ய எவ்வளவு செலவு ஆகிறது என்பதைப் பொறுத்தது அது. இதற்குக் கூடுதல் அலகுச் செலவு என்று பெயர்.

தூள் உற்பத்தியை இரட்டிப்பாக்க இரண்டு மடங்கு இலை வேண்டும். இலையை வாட வைக்கும் தொட்டிகள், விறகு, மின்சாரம் எல்லாமே ஏறக்குறைய இரண்டு மடங்கு வேண்டும். புதிதாக நட்ட செடி முழு விளைச்சலுக்கு வரச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஊட்டியில் 20 அறை உள்ள லாட்ஜ், மே மாத மலர்க் கண்காட்சி சமயத்தில் ஆயிரம் பேர் கேட்டாலும் 20 அறைதான் கொடுக்க முடியும். அதே லாட்ஜுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் செயலியோ அதே மென்பொருளை வைத்துக் கொடைக்கானலிலும் மூணாறிலும் சிம்லாவிலும் அறை விற்கிறது. ஒரு புது ஊரைச் சேர்க்க அதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம். விடுதிகள் கூடக் கூடப் பயணிகள் கூடுவார்கள், பயணிகள் கூடக் கூட விடுதிகள் வந்து சேரும். பிறகு வேறொருவர் நுழைவது கஷ்டமாகிவிடும்.

சென்னையில் 2010-ல் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் இதற்கு நல்ல உதாரணம். ஒரு முறை எழுதிய மென்பொருளைப் பல நாட்டு நிறுவனங்களுக்கு மாதச் சந்தாவுக்குக் கொடுத்தது. 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பங்கு ஒன்று 36 டாலர் என்று வெளியிட்டபோது, மொத்த நிறுவனத்தின் மதிப்பு ஆயிரம் கோடி டாலரைத் தாண்டியது. அப்போது அது லாபத்தில் கூட இல்லை. விற்பனை வளரும் வேகத்துக்கே சந்தை விலை கொடுத்தது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர் ஆனதாகச் செய்தி வந்ததும் அப்போதுதான். அவர்களிடம் சம்பளத்தோடு பங்கும் இருந்தது.

பொருள் விற்பவர்களுக்கு வழியே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. 1970-ல் ஆர்.ஜி. சந்திரமோகன் 13,000 ரூபாயில் சென்னையில் தொடங்கிய சிறு ஐஸ் தொழில்தான் பின்னாளில் அருண் ஐஸ்கிரீமாகவும் ஹட்சன் நிறுவனமாகவும் வளர்ந்தது. 1983-ல் சி.கே. ரங்கநாதன் 15,000 ரூபாயில் தனியாகத் தொழில் தொடங்கி, பாட்டில் ஷாம்பு வாங்க முடியாத கிராமத்துக்குச் சிக் ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் கொண்டுபோனார். மென்பொருளை விட இந்த வழிக்குக் காலம் அதிகம் பிடிக்கும். ஆலை, லாரி, குளிர்பதனம் என்று ஒவ்வொரு படியிலும் பணம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

பிறர் பணமும் நஷ்டத்துக்கு ஒரு வேலியும்

கேத்தியில் கேரட் போடும் ஒருவர் மேட்டுப்பாளையம் மண்டியில் முன்பணம் வாங்கி விதையும் உரமும் வாங்குகிறார். அறுவடை நேரத்தில் விலை விழுந்தால், பறித்துக் கழுவி வண்டி ஏற்றும் செலவுக்கே கட்டாது. கடன் மட்டும் அப்படியே நிற்கும். வீட்டுப் பத்திரம் அடமானத்தில் இருந்தால் வீடும் ஆபத்தில். நன்றாக விளைந்து நல்ல விலை வந்தாலும் லாபம் இரண்டு மூன்று மடங்குக்கு மேல் போகாது. இழப்புக்கு எல்லை கிடையாது, லாபத்துக்கு எல்லை உண்டு. இந்த மலையில் பல குடும்பங்களை வதைப்பது இந்தத் தலைகீழ் அமைப்புதான்.

நிறுவனம் என்ற சட்ட வடிவம் இதைத் திருப்பிப் போடுகிறது. பிரைவேட் லிமிடெட் என்பதில் வரும் லிமிடெட் என்ற சொல் வரையறுக்கப்பட்ட பொறுப்பைக் குறிக்கிறது. நிறுவனம் மூழ்கினால் பங்குதாரர் தான் போட்ட பணத்தை இழப்பார், அதற்கு மேல் அவர் வீட்டைத் தேடி யாரும் வர முடியாது. லாபத்துக்கோ உச்சவரம்பு இல்லை. ஆனால் ஒரு முக்கியமான எச்சரிக்கை: நம் ஊரில் சிறு நிறுவனங்களுக்குக் கடன் கொடுக்கும் வங்கிகள் பெரும்பாலும் உரிமையாளரின் தனிப்பட்ட உத்தரவாதத்தையும் சேர்த்தே கேட்கும். அதில் கையெழுத்துப் போட்டால், அந்தக் கடனைப் பொறுத்தவரை வேலியில் நீங்களே ஒரு கதவு வைத்ததாக ஆகிவிடும். பல தொழில்முனைவோர் வீட்டை இழப்பது இந்த ஒரு கையெழுத்தால்தான்.

முதலீட்டாளர் போடும் பணம் கடன் இல்லை. அதற்கு ஈடாக அவர் பங்கு எடுத்துக்கொள்கிறார், தொழில் தோற்றால் அவருக்கும் நஷ்டம். நிறுவனரின் பங்கு எப்படிக் கரைகிறது என்று பாருங்கள்: முதலில் 100 சதவீதம். முதல் சுற்றில் 20 சதவீதம் கொடுத்தால் 80. அடுத்த சுற்றில் 25 சதவீதம் புதியவருக்குப் போனால் 80-ல் கால் பங்கு குறைந்து 60. மூன்றாவதில் 20 சதவீதம் போனால் 48. இதைப் பங்கு நீர்த்தல் என்பார்கள். 300 கோடி நிறுவனத்தில் 48 சதவீதம் 144 கோடி. வெளிப்பணம் இல்லாமல் 30 கோடியிலேயே நின்றிருந்தால், முழு உரிமையும் அந்த 30 கோடிதான். தவறு நடப்பது பெரும்பாலும் முதல் சுற்றில். அவசரத்துக்குப் பாதி உரிமையைக் கொடுத்துவிட்டு, பின்னால் வரும் சுற்றுகளில் கொடுக்க ஒன்றும் மிச்சமில்லாமல் போகும்.

எல்லாரும் இப்படித்தான் போக வேண்டும் என்று இல்லை. 1996-ல் தொடங்கிய நிறுவனத்திலிருந்து வளர்ந்த மென்பொருள் நிறுவனமான ஸோஹோ, வெளி முதலீடு வாங்காமல் தன் லாபத்தையே திரும்பப் போட்டு வளர்ந்தது. அதன் உரிமை தொடங்கியவர்கள் வட்டத்திலேயே நின்றதற்கு அதுவே காரணம்.

சுருக்கமாகச் சொன்னால், இழப்புக்கு வேலி, லாபத்துக்குத் திறந்த வெளி, இவற்றோடு பிறர் பணத்தின் வேகம். இவை மூன்றும் ஒரு கையில் சேரும்போதுதான் வர்க்கி அடுப்புப் பகுதியில் பார்த்த மூன்று எண்களின் பெருக்கல் பெரிய எண்களுக்குப் போகிறது.

கூட்டு வளர்ச்சி: எவ்வளவு தூரம் உண்மை?

வட்டிக்கு வட்டி சேர்வதுதான் கூட்டு வளர்ச்சி. 10 லட்சம் ரூபாய் ஆண்டுக்கு 15 சதவீதம் வளர்ந்தால் பத்தாண்டில் சுமார் 40 லட்சம், இருபதில் 1.64 கோடி, முப்பதில் 6.6 கோடி, நாற்பதில் 26.8 கோடி. ஒரு குடும்பத்துக்கு இது பெரிய நிம்மதி, சந்தேகமில்லை. ஆனால் அதே வேகத்தில் 8,500 கோடியைத் தொட 81 ஆண்டுகள் ஆகும். சிறு சேமிப்பு மட்டுமே உங்களைப் பெரும் பணக்காரர் ஆக்கும் என்று சொல்பவர்கள் இந்தக் கடைசி எண்ணைச் சொல்லாமல் விடுகிறார்கள்.

அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட்டை உதாரணம் காட்டுவார்கள். 1930-ல் பிறந்து, 11 வயதில் முதல் பங்கு வாங்கியவர். அவர் செல்வத்தின் மிகப் பெரும்பகுதி 65 வயதுக்குப் பிறகு சேர்ந்தது என்பது உண்மை. ஆனால் அவருடைய நிறுவனம் காப்பீட்டுத் தொழிலையும் நடத்துகிறது. பிரீமியம் இன்று வரும், இழப்பீடு பல ஆண்டு கழித்துப் போகும். இடையில் நிற்கும் பிறர் பணத்தை அவர் முதலீடு செய்தார். அதோடு, ஆண்டுக்கு ஏறத்தாழ 20 சதவீதம் என்ற வேகத்தை அறுபது ஆண்டுகள் காப்பாற்றினார்.

வரியும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. சம்பளத்துக்கு ஒவ்வோர் ஆண்டும் வரி கழியும். பங்கின் விலை ஏறினாலோ, விற்கும் வரை அந்த ஏற்றத்துக்கு வரி இல்லை. விற்காமல் வைத்திருப்பவரின் அணையில் மதகு திறப்பதே இல்லை.

சாலையோர ஐந்து சென்ட்

கோத்தகிரி சாலையோரத்தில் ஒருவர் ஐந்து சென்ட் நிலத்தை ஒரு ரிசார்ட்டுக்கு நல்ல விலைக்கு விற்றால், அன்று மாலையே அக்கம்பக்கத்தில் எல்லாரும் அந்த விலையால் தங்கள் ஏக்கரைப் பெருக்கிப் பார்ப்பார்கள். காகிதத்தில் எல்லாரும் கோடீஸ்வரர்கள். எல்லாரும் ஒரே மாதத்தில் விற்க வந்தால் அந்த விலை நிற்காது.

பணக்காரர் பட்டியலும் இதே முறையில்தான் போடப்படுகிறது. அன்று கடைசியாகக் கைமாறிய சில பங்குகளின் விலையால் அவரிடம் உள்ள மொத்தப் பங்குகளையும் பெருக்குகிறார்கள். "ஒரே நாளில் சம்பாதித்தார்" என்றால் அந்த விலை ஏறியது, "இழந்தார்" என்றால் இறங்கியது. இணையவழிப் பாடம் நடத்திய பைஜூஸ் நிறுவனத்துக்கு 2022-ல் 2,200 கோடி டாலர் மதிப்பு போட்டார்கள். 2024-ல் அதன் நிறுவனரின் நிகர மதிப்பைப் பூஜ்யம் என்று பணக்காரர் பட்டியல் போடும் ஃபோர்ப்ஸ் பத்திரிகை குறித்தது. இடையில் யாரும் அவர் பெட்டகத்தை உடைத்துத் திருடவில்லை. பெருக்கியும் நம்பிக்கையும் போய்விட்டன.

உறைபனிக்குத் தப்பிய செடி

டிசம்பர், ஜனவரி இரவுகளில் கனமான குளிர்காற்று சரிவிலிருந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். பள்ளத்துச் செடி கருகும், மேட்டுச் செடி பிழைக்கும். இரண்டும் ஒரே இனம், ஒரே உரம், ஒரே கவாத்து. பிழைத்ததை மட்டும் பார்த்து அது நல்ல செடி என்று முடிவு கட்டினால், நின்ற இடத்தின் பங்கை மறந்துவிடுவோம். வெற்றி பெற்றவர்களை மட்டும் பார்த்து வெற்றிக்குக் காரணம் தேடும் இந்தப் பிழைக்குத் தப்பியோர் சார்பு என்று பெயர்.

தூத்துக்குடி மாவட்டம் மூலைப்பொழியில் பிறந்த சிவ் நாடார், 1976-ல் நண்பர்களோடு ஹெச்.சி.எல். என்ற கம்ப்யூட்டர் நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அமெரிக்கக் கம்ப்யூட்டர் நிறுவனமான ஐ.பி.எம். இந்தியாவை விட்டு வெளியேறியது, உள்நாட்டுக் கம்ப்யூட்டருக்கு இடம் கிடைத்தது. அவருடைய திறமையை இது குறைக்கவில்லை. ஆனால் அதே திறமையோடு பத்தாண்டு முன்போ பின்போ வந்தவருக்கு அந்த மேடு கிடைத்திருக்காது. அதிகாலை நான்கு மணிக்கு எழுவது, குளிர்ந்த நீரில் குளிப்பது போன்ற பழக்கங்களை வெற்றியின் காரணமாகக் காட்டும் பேச்சுகளை நம்ப வேண்டாம். நான்கு மணிக்கு எழுபவர்கள் இந்த மலையில் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள்.

அடுத்த செய்தியைப் படிக்கும்போது

நான்கு எண்களைத் தேடுங்கள். பட்டியலிடப்பட்ட நிறுவனம் என்றால் பங்குச் சந்தைகளின் இணையதளங்களில் இவை இலவசமாகக் கிடைக்கும். முதலாவது நிகர லாபம், இரண்டாவது பெருக்கி. மூன்றாவது, நிறுவனர் தரப்பிடம் உள்ள பங்கு. இதைப் புரொமோட்டர் பங்கு என்று போட்டிருப்பார்கள், மூன்று மாதத்துக்கு ஒரு முறை வெளியாகும். மொத்தம் 10 கோடிப் பங்கு, அதில் 48 சதவீதம் அவரிடம், விலை ஒரு நாளில் 20 ரூபாய் ஏறியது என்றால், 4.8 கோடிப் பங்கு பெருக்கல் 20, அதாவது 96 கோடி. செய்தியில் வரும் "ஒரே நாள் சம்பாத்தியம்" இப்படித்தான் கிடைக்கிறது.

நான்காவதைப் பெரும்பாலானோர் பார்ப்பதில்லை. அதே பட்டியலில் அடமானம் வைத்த பங்குகள் என்று ஒரு கட்டம் இருக்கும். நிறுவனர் தன் பங்கை விற்காமல் அதைக் காட்டிக் கடன் வாங்கியிருந்தால் அங்கே தெரியும். விலை இறங்கினால், கடன் கொடுத்தவர் கூடுதல் பங்கை ஈடாகக் கேட்பார். கொடுக்க இல்லாவிட்டால் கையில் உள்ளதைச் சந்தையில் விற்றுவிடுவார். அந்த விற்பனையால் விலை இன்னும் இறங்கும், அடுத்த கடன்காரரும் கேட்க ஆரம்பிப்பார். அந்தக் கட்டத்தில் பெரிய எண் இருந்தால், பட்டியலில் காணும் செல்வத்தில் எவ்வளவு அவருடையது, எவ்வளவு கடன் கொடுத்தவருடையது என்பதைக் கழித்துப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.